கல்வெட்டுக் கடைச் சேர்வர்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இறந்துபோனவர்களுக்குப் புத்தகம் அடிக்கும் கடை இருக்கிறது. கல்வெட்டு என்று சொல்வார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற மெல்லிய புத்தகம் அது. அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, கடைசிப் பக்கத்தில் யாருக்கு யார் என்ன முறை என்று காட்டும் வம்ச விருட்சம். சாப்பாட்டுக்கு முன்பே எல்லோரும் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சோறு இறங்கும்.

அந்தக் கடையின் கணினிகளைப் பராமரிப்பவள் நான். பராமரிப்பு என்பது பெரிய சொல். ஏதாவது நின்றுபோனால் கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, வியர்வையோடு ஒரு கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகிவிட்டுப் போவேன். எனக்குப் பொறுமை கிடையாது என்று என் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் கூப்பிடுகிறார்கள் என்றால் வேலை சுத்தமாக இருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

அன்று முதலாளி போனில் சொன்ன வசனம் இது: "சேர்வர் செத்துச் செத்து எழும்புது பிள்ளை. எனக்கெண்டால் இது மெசின் கோளாறு மாதிரித் தெரியேல்லை."

போய்ப் பார்த்தபோது எனக்கும் மெசின் கோளாறு மாதிரித் தெரியவில்லை. சேர்வர் என்பது சுவாமிப் படத் தட்டுக்குக் கீழே வைத்திருக்கும் கறுப்புப் பெட்டி. கடையின் எல்லாக் கோப்புகளும் அதற்குள்தான். அதன் நெற்றியில் மூன்று கோடு விபூதி, நடுவில் சந்தனப் பொட்டு, காற்று போகும் துவாரத்துக்கு முன்னால் வெட்டிய தேசிக்காய் இரண்டு பாதி. அதற்குப் பக்கத்தில் உடைத்த தேங்காய். தேங்காய்த் தண்ணீர் மெதுவாக ஓடி, மின்சார நீட்டுப் பலகைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் பின்னறையில் அச்சு இயந்திரம் ஓட்டுகிறவர் கூட எட்டிப் பார்த்தார். முதலாளி கோபிக்கவில்லை. ஐயர் காலையிலேயே வந்து போய்விட்டார் என்றும், அதற்குப் பிறகும் அது செத்துவிட்டது என்றும் கவலையோடு சொன்னார். எனக்கு முன்னால் ஐயரைக் கூப்பிட்டிருக்கிறார். அதுதான் என்னைச் சுட்டது.

பெட்டி சாகவில்லை. அதற்குள்ளே ஓடுகிற ஒரு நிரல், மற்றக் கணினிகளிலிருந்து கோப்புகளை வாங்கி வைத்து, கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது, அதுதான் திடீர் திடீரென்று விழுந்துகொண்டிருந்தது. விழுந்தால் தானாகவே திரும்ப எழும்பிவிடும். ஆனால் அந்த நேரத்தில் யாராவது எதையாவது சேமித்துக்கொண்டிருந்தால், அவர்களுடைய திரை உறைந்துவிடும். மூடித் திறந்து பார்த்தால் பழைய கோப்பு அப்படியே இருக்கும். புதிதாகச் செய்த திருத்தம் இருக்காது.

கடையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா இருந்தார். ஐம்பதைத் தாண்டியிருப்பார். நான் வந்ததிலிருந்து அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்திர சிகிச்சை அறைக் கதவு திறக்கும்போது டொக்டரைப் பார்ப்பது போன்ற பார்வை. தட்டச்சு செய்யும் அக்காதான் என்னைத் தேத்தண்ணி போடும் குசினிப் பக்கம் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார்.

அவருடைய தாயாருக்கு அடுத்த நாள் காலை அந்தியேட்டி. பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவர் கனடாவில். நடுவில் இவர், தாயைக் கடைசிவரை வெள்ளவத்தையில் வைத்துப் பார்த்தவர். கடைசித் தம்பி கம்பஹாவில் ஒரு சிங்களப் பெண்ணைக் கட்டியவர். அன்றிலிருந்து தாய் வெளியில் எல்லோரிடமும் தனக்கு இரண்டு பிள்ளைகள்தான் என்று சொல்லி வந்திருக்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே தம்பி பின் படிக்கட்டால் வருவார், அதே தாய் அவருக்கு நண்டுக்கறி வைத்துப் பக்கத்தில் இருந்து ஓடு உடைத்துக் கொடுப்பார். கல்வெட்டுக்கு விபரம் அனுப்பிய மூத்தவர், தாய் வெளியில் சொன்ன கணக்கையே எழுதியிருந்தார். வம்ச விருட்சத்தில் இரண்டு கிளை. மகள் கடைக்கு வந்து மூன்றாவது கிளையைப் போடச் சொன்னார். அக்கா போட்டார். சேமித்தார். சேர்வர் செத்தது. திறந்து பார்த்தால் இரண்டு கிளை.

மறுபடி போட்டார்கள். மறுபடி செத்தது. அக்கா தன் கணினியிலேயே சேமித்துப் பார்த்தார், அங்கே மூன்றாவது கிளை நின்றது. ஆனால் அச்சு இயந்திரம் சேர்வரிலிருந்து மட்டும்தான் எடுக்கும். சேர்வருக்குப் பிரதி பண்ணிய நிமிடம், பழைய கதை.

இதுவரைக்கும் கூடப் பரவாயில்லை. முதலாளி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால். அவர் பம்பலப்பிட்டிக் கோயிலில் யாரிடமோ சொல்ல, அவர் வேறு யாரிடமோ சொல்ல, மேலே போன தாய் இளைய மகனின் பெயரை அழித்துக்கொண்டிருக்கிறா என்று வெள்ளவத்தை முழுக்கப் பரவிவிட்டது. அந்தியேட்டிக்காக வந்து இறங்கியிருந்த மூத்தவரின் காதுக்கும் போய்விட்டது. கனடாவில் ஏதோ பெரிய கம்பனியில் பெரிய பதவி. அவர் தங்கைக்குப் போன் எடுத்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்: தான் குறுக்கே நிற்கப் போவதில்லை, அம்மாவின் விருப்பப்படி நடக்கட்டும். இன்று பின்னேரம் கடை பூட்டுவதற்குள் பெயர் நின்றால் இருக்கட்டும். நிற்காவிட்டால் அம்மாவுக்கு விருப்பமில்லை.

ஆக, ஒரு குடும்பத்தில் யார் பிள்ளை, யார் பிள்ளை இல்லை என்று தீர்மானிக்கிற பொறுப்பு, புறக்கோட்டையில் பாவித்த சாமான் கடையில் வாங்கிய ஒரு பெட்டியிடம் கொடுக்கப்பட்டிருந்தது.

நான் திரும்பி வந்து உட்கார்ந்தபோது அந்த மகள் மெல்லக் கேட்டார்: "தங்கச்சி, அம்மா உண்மையாவே வேண்டாம் எண்டு சொல்லுறாவோ?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, லொக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

லொக் என்பது சேர்வர் தானே தனக்கு எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. எத்தனை மணிக்கு யார் வந்தார்கள், எந்தக் கோப்பைத் திறந்தார்கள், என்ன ஆனது என்று வரி வரியாக எழுதி வைக்கும். அந்தக் கட்டடத்தில் கதை சேர்க்காமல் பேசுகிற ஒரே ஆள் அதுதான். விழுந்த நேரங்களை எடுத்தேன். முதலாளி உடனே சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி வந்து, ராகு காலத்தோடு ஒத்துப் பார்க்கச் சொன்னார். ஒத்துப் பார்க்காவிட்டால் விடமாட்டார் என்பதால் பார்த்தேன். ஒன்று ஒத்து வந்தது, மற்றது எதுவும் வரவில்லை. "ஒண்டு சரிவந்ததுதானே" என்று திருப்தியோடு கலண்டரைத் திரும்ப மாட்டினார்.

விழுந்த ஒவ்வொரு இடத்திலும் லொக்கில் பெரிய எழுத்தில் பீதி என்ற அர்த்தத்தில் ஓர் ஆங்கிலச் சொல் இருந்தது. அது இந்த வகை நிரல்கள் விழும்போது வழக்கமாக எழுதுகிற சொல். முதலாளி என் தோளுக்கு மேலால் அதை வாசித்துவிட்டார். எதைக் கண்டு பயந்தது என்று கேட்டார். எதையும் கண்டு அல்ல என்றேன். பயந்தால் எதையோ கண்டுதானே பயப்பட வேண்டும் என்றார். அக்கா திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டு, என் நெற்றியிலும் ஒரு கோடு இழுத்துவிட்டார்.

பீதிக்கு முந்தைய வரியில்தான் அது கடைசியாகத் தொட்ட கோப்பின் பெயர் இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் தமிழில் இல்லை. இந்த லொக் தமிழ் எழுத்துகளை அப்படியே எழுதாது, ஒவ்வொன்றையும் இலக்கங்களாக மாற்றி எழுதும். திரை முழுக்க இலக்கம், இலக்கம், இலக்கம், நடுவழியில் அறுந்து பீதி. அதை எழுத்தாகத் திருப்பி எடுக்கலாம். ஒவ்வொரு வரியாகத் திருப்பினேன். முதல் வரி யாழ்ப்பாணம் என்று தொடங்கியது. இரண்டாவது, யாழ்ப்பாணம். மூன்றாவது, யாழ்ப்பாணம். அந்த மாதத்தில் விழுந்த எல்லாமே யாழ்ப்பாணம். அந்தத் தாய் மட்டுமல்ல, வேறு பலரும் அந்தச் சேர்வரைச் சாகடித்திருந்தார்கள். அக்கா சத்தம் போடாமல் மறுபடி தட்டச்சு செய்து சமாளித்திருக்கிறார்.

இதை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. முதலாளி எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, மற்ற ஊர் ஆட்களுக்கு விழவில்லையா என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவருக்கும் விழவில்லை. கொச்சிக்கடைக்காரர் ஒருவருக்கும் விழவில்லை. யாழ்ப்பாணத்தாருக்கு மட்டும்தான். அவர் அந்தக் கறுப்புப் பெட்டியைச் சுற்றிப் போய்ப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு, எனக்கு முன்னால் இங்கே வேலை பார்த்த பெடியன் யாருடைய ஆள், இந்தப் பெட்டியை விற்றவன் யார், இதற்குள்ளே யாராவது ஏதாவது வைத்திருப்பார்களா என்று வரிசையாகக் கேட்கத் தொடங்கினார். தேங்காய் உடைத்த அதே பெட்டி இப்போது உளவாளி ஆகிவிட்டது.

நான் அவரைக் கதிரையில் இருத்திவிட்டு, கோப்புகளுக்கு யார் பெயர் வைக்கிறது என்று கேட்டேன்.

அங்கேதான் பூனைக்குட்டி வெளியே வந்தது. முன்பு ஒரு காலத்தில் கோப்புக்கு இறந்தவரின் பெயரை மட்டும் வைத்திருக்கிறார்கள். ஒரே பெயரில் இரண்டு பெண்மணிகள் ஒரே மாதத்தில் போய்ச் சேர, ஒருவருடைய புத்தகத்தில் மற்றவருடைய படம் ஏறிவிட்டது. அந்தியேட்டி வீட்டில் குத்துவிளக்குக்குப் பின்னால் இருந்தது ஒரு முகம், எல்லோருடைய கையிலும் இருந்தது இன்னொரு முகம். அதன் பிறகு முதலாளி ஒரு சட்டம் போட்டார். கோப்பின் பெயரில் பிறந்த ஊர், இருந்த ஊர், போன வெளிநாடு, தகப்பன் பெயர், கணவன் அல்லது மனைவி பெயர், பிறகுதான் சொந்தப் பெயர். ஒன்றையும் விடக் கூடாது. மரண அறிவித்தலில் என்ன மரியாதையோ, அதே மரியாதை கோப்புக்கும். அளவுக்கு மேல் நீண்டால் சேர்வர் ஏற்காது என்பதை அக்கா அனுபவத்தில் கண்டுபிடித்து, கனடாவுக்குப் போகிற சூட்கேசைத் தராசில் வைத்து வைத்துச் சாமான் குறைப்பது போல, ஓரொரு எழுத்தாகக் குறைத்து, சரியாக ஏற்றுக்கொள்ளும் எல்லையில் கொண்டுபோய் நிறுத்துவார். அதில் அவருக்குப் பெருமை வேறு.

கொட்டாஞ்சேனைக்காரர்களுக்கு ஏன் பிரச்சினை வரவில்லை என்று அப்போது விளங்கியது. முதலாளியே சொல்லிவிட்டார்: "உங்கட ஆக்களுக்குப் பிறந்ததும் இருந்ததும் ஒரே இடந்தானே பிள்ளை. பேர் கட்டையாத்தான் வரும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே இடத்தில் பிறந்து இருந்து செத்தால் அது ஒரு குறையா என்று கேட்டேன்.

மிச்சத்தைச் சேர்வரிலேயே தேடிக் கண்டுபிடித்தேன். எனக்கு முன் இருந்தவர் ஒரு நல்ல ஏற்பாடு செய்துவிட்டு டோஹாவுக்குப் போயிருந்தார். பழைய கோப்பின் மேல் புதியதைச் சேமித்தால், பழையது அழியாமல், அதன் பெயருக்கு முன்னால் பிரதி என்றும் திகதியும் சேர்த்து வேறொரு இடத்தில் வைத்துக்கொள்ளும். உறவினர்கள் மாற்றச் சொல்லி, பிறகு பழையதுதான் நன்றாக இருந்தது என்று திரும்பி வருகிற தொழிலில் அது மிக வசதி. ஆனால் அக்கா ஏற்கெனவே விளிம்புவரை நிரப்பிய பெயருக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் வழியும். வழிந்தால் மறுக்கலாம். இந்தப் பழைய நிரலுக்கு மறுக்கவும் தெரியவில்லை. விழுந்துவிட்டது. முதல்முறை சேமிக்கும்போது ஒன்றும் ஆகாது. திருத்தம் வந்தால்தான் சாவு.

இதைச் சொன்னேன். மூவரும் தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை. மகள் கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். முதலாளி, விளக்கம் சரி, ஆனால் அந்தத் தாய்க்கு விருப்பம் இருந்திருந்தால் வழிந்தும் நின்றிருக்காதா என்றார்.

ஆகவே நான் என்னைச் சாகடித்தேன்.

அக்காவின் கதிரையில் உட்கார்ந்து, வெறும் தாள் ஒன்றைத் திறந்து, எனக்கே ஒரு கோப்புப் பெயர் அடிக்கத் தொடங்கினேன். கொழும்பு ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனை, அப்பாவின் பெயர், என் பெயர். முடிந்துவிட்டது. விளிம்புக்குக் கிட்டவும் போகவில்லை. முதலாளி சொன்னது உண்மைதான், என் வாழ்க்கை மிகக் கட்டையாக இருந்தது. வெளிநாடு இல்லை, கணவன் இல்லை, இரண்டாவது ஊரும் நடந்து போகிற தூரத்தில். நான் ஒரு இரவாவது தங்கிய வேறு இடம் எது என்று யோசித்து, கடைசியில் களுபோவில ஆஸ்பத்திரி அப்பெண்டிக்ஸ் என்றும் சேர்த்தேன். சேர்வர் அதை வாங்கிக்கொண்டது. அக்கா பின்னால் நின்று சிவ சிவா என்று சொல்லிக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கும் ஒருத்திக்கு அந்தக் கடையில் கோப்புத் திறந்தது அதுதான் முதல் தடவையாம். உள்ளே ஒரு புள்ளி வைத்து, மறுபடி சேமித்தேன்.

திரை உறைந்தது. சேர்வர் செத்தது.

கொட்டாஞ்சேனைக்காரி ஒருத்திக்காக அது செத்ததில் எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்ல முடியும்? லொக்கைத் திறந்து காட்டினேன். கொழும்பில் தொடங்கி, இலக்கங்களாக நீண்டு, களுபோவிலவுக்குப் பக்கத்தில் அறுந்து, பீதி. எனக்கு எந்தத் தாயும் மேலே இருந்து எதையும் அழிக்கவில்லை என்றேன். என் அம்மா வீட்டில் நாடகம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அக்கா என் நன்மைக்காக அந்தக் கோப்பை உடனே அழிக்கப் பார்த்தார். அழித்தாலும் அந்த ஏற்பாடு பிரதி எடுக்கும். சேர்வர் மறுபடியும் செத்தது. என் சாவை இரண்டு தடவை பார்த்த பிறகு மகளின் முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது.

அப்படியானால் எவ்வளவு இடம்தான் இருக்கிறது என்று முதலாளி கேட்டார். இருநூற்றைம்பத்தைந்து என்றேன். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு இடம் போதும், தமிழுக்கு மெய்யின் புள்ளிக்கும் இகரத்தின் விசிறிக்கும் கூடத் தனித்தனியாக மூன்று மூன்று இடம் வேண்டும்.

"அப்ப இதுக்குள்ளயும் எங்களுக்கு இடம் குறைவு" என்றார். சிறிது யோசித்து, "சிங்களத்துக்கு எவ்வளவு?"

அதற்கும் மூன்றுதான் என்றேன். அவருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. போய்க் கதவைத் திறந்துவிட்டு, எல்லோருக்கும் தேத்தண்ணி சொன்னார்.

பெயரைக் குறைத்தால் முடிந்துவிடும். ஆனால் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் ஒரு ஊரை வெட்ட முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. இது அச்சில் வராது, யாரும் பார்க்கப் போவதில்லை என்று நான் கத்தியும் பயனில்லை. மகள் அண்ணனுக்குப் போன் எடுத்தார். அண்ணன் கனடா ஸ்காபரோவில் கை வைக்கக் கூடாது என்றார், தாய் அங்கே ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தவர். சின்னம்மாவுக்கு எடுத்தார். சின்னம்மா பிறந்த ஊரை எடுத்தால் தான் நாளைக்கு வரமாட்டேன் என்றார். வெள்ளவத்தையை எடுக்க மகளுக்கே மனமில்லை. தகப்பன் பெயரையும் கணவன் பெயரையும் யார் எடுப்பார்கள்? வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அச்சு இயந்திரக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் மகள் எழுந்து வந்து, அக்காவை விலகச் சொல்லி, கோப்பின் பெயரைத் தானே விசைப்பலகையில் தேடித் தேடி அடித்தார். அம்மா. அவ்வளவுதான். மூன்றாவது கிளையைப் போட்டு, சேமித்தோம். சேர்வர் அசையவில்லை. இன்னொரு தடவை சேமித்தோம். அசையவில்லை. பின்னறையில் இயந்திரம் ஓடத் தொடங்கியபோது அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் குனிந்து, ஒரு கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினேன்.

போகும்போது அவர் ஒரு விசித்திரமான காரியம் கேட்டார். லொக்கை அடித்துத் தர முடியுமா, அண்ணன் கட்டாயம் கேட்பார் என்றார். தாயின் வரியும் என்னுடைய வரியும் இருக்கிற பக்கத்தை அடித்துக் கொடுத்தேன். இலக்கங்கள்தான். கீழே எது யாருடையது என்று தமிழில் எழுதினேன். முதலாளி நீட்டிய விபூதிப் பொட்டலத்தோடு சேர்த்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு கிழமை கழித்து நான் கடைக்குப் போனபோது, அவர் ஒரு பெட்டி பயத்தம் பணியாரத்தோடு வந்தார். நடந்ததைச் சொன்னார். அண்ணன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும், கோப்பின் பெயரை மாற்றினால் அம்மாவுக்கு அது தன்னுடையது என்று எப்படித் தெரியும், இது செல்லாது என்றாராம். அம்மா என்றுதானே வைத்தேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். பிறகு அந்தத் தாளை எடுத்து நீட்டியிருக்கிறார். அண்ணன் கண்ணாடி போட்டுப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுக்க, அது பந்திப் பாய் முழுக்கச் சுற்றியிருக்கிறது. கடைசியில் ஓய்வுபெற்ற எஞ்சினியர் மாமா ஒருவர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆகவே எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

தம்பி வந்தாரா என்று கேட்டேன்.

"வந்தவன். மனுசியோட பின் வரிசையில இருந்தவன். புத்தகத்தைத் திறந்து கூடப் பாக்கேல்லை. போகேக்க அந்தப் பேப்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போட்டான். அம்மா வேண்டாம் எண்டு சொல்லேல்லை எண்டதுக்கு அவனிட்ட வேற என்ன இருக்கு, தங்கச்சி?"

நான் இன்னொரு பணியாரத்தை எடுத்துக் கடித்தேன். அந்தத் தாளின் கீழ்ப்பாதியில் ஜிந்துப்பிட்டியில் பிறந்து களுபோவிலவில் அறுந்துபோன நானும் இருக்கிறேன். கம்பஹாவில் எங்கோ ஒரு வீட்டு அலுமாரியில், அவருடைய தாய்க்குப் பக்கத்தில் என்னையும் பத்திரமாக மடித்து வைத்திருப்பார். இருக்கட்டும்.